கணக்கு பறிபோனாலும் எழுத்தும் ஆட்களும் மிஞ்ச

ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் லட்சக்கணக்கான பேர் பின்தொடர்ந்த கணக்குகளும் ஓரிரு நாளில் கைக்கு எட்டாமல் போயின. இந்தியச் சமூக வலைத்தளமான 'கூ' 2024 ஜூலையில் நின்றது. இவையெல்லாம் செய்தியில் வந்தவை. தனி ஆளின் கணக்கு முடங்குவது செய்தியில் வராது. யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருப்பார்கள், பழைய சிம் எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கும், அல்லது தானியங்கி முறை தவறாகத் தடுத்திருக்கும். முறையிட ஒரு படிவம் இருக்கும், பதில் சொல்ல ஆள் இருப்பது அரிது.

வலையில் கட்டுப்பாடு என்றால் தனியுரிமை அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தேவைதான், ஆனால் இரண்டாவது வேலை. எழுதியதையும் எடுத்த படங்களையும் பழகிய ஆட்களையும் கூட்டிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேற முடிகிறதா என்பதே முதல் கேள்வி. கீழே உள்ளவற்றை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

நுழைவைப் பூட்டுங்கள்

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் இரண்டு படி சரிபார்ப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்ப வேண்டாம். இந்தியாவில் பயன்பாட்டில் இல்லாத கைபேசி எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இரண்டாவது சிம்மோடு இணைத்த கணக்கு அந்த வழியில்தான் கைமாறுகிறது. ஊரை விட்டு வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. கிளம்பும் முன்பே கணக்குகளில் உள்ள எண்ணை மாற்றிவிட வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போனிலேயே குறியீடு தரும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏஜிஸ் என்ற திறமூலச் செயலி (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்) ஆண்ட்ராய்டில் நன்றாக இயங்குகிறது. எல்லாக் குறியீடுகளையும் கடவுச்சொல் பூட்டிய ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம். அந்தக் கோப்பு போனிலேயே கிடந்தால் பயனில்லை, போன் தொலையும்போது அதுவும் தொலையும். கணினியிலோ பென்டிரைவிலோ ஒரு பிரதி வேண்டும்.

இதைவிட முக்கியமானது மீட்புக் குறியீடுகள். கூகுளும் பேஸ்புக்கும் பத்துப் பத்தாகத் தருகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். தாளில் எழுதி, ஆதார் நகலும் பட்டாவும் வைத்திருக்கும் அதே கோப்பில் வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் போட்டோஸில் வைத்தால் பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதைதான்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்கப் பின் போடுங்கள். கூடவே மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். பின் மறந்தால் காத்திருக்காமல் மீட்பதற்கு அதுதான் வழி. ஓடிபியை ஏமாற்றி வாங்கி வாட்ஸ்அப்பைத் திருடுகிறவர்கள் இந்தப் பின் இல்லாத கணக்குகளைத்தான் எளிதாகத் தூக்குகிறார்கள்.

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருந்து நகல் எடுக்க

இரண்டுக்கும் ஒரே வழி. செட்டிங்ஸில் மேலே உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறந்து, 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்' என்பதற்குள் போங்கள். அங்கே 'எக்ஸ்போர்ட் யுவர் இன்ஃபர்மேஷன்' இருக்கும். பழைய பதிப்புகளில் எக்ஸ்போர்ட் இருக்கும் இடத்தில் டவுன்லோட் என்று இருக்கும். இங்கே மூன்று தேர்வுகளைக் கவனிக்க வேண்டும்.

தேதி வரம்பு 'ஆல் டைம்' ஆக இருக்கட்டும். கடந்த ஓர் ஆண்டு என்றோ அதைவிடக் குறைவாகவோ முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கலாம். கவனிக்காமல் அழுத்தினால் பத்தாண்டு எழுத்தில் ஓராண்டு மட்டும் வரும், வந்த கோப்பைத் திறந்து பார்க்கும் வரை அது தெரியாது. படத் தரத்தை 'ஹை' என்று மாற்றுங்கள்.

மூன்றாவது கோப்பு வடிவம். எச்டிஎம்எல், ஜேசன் என்று இரண்டு உண்டு. படித்துப் பார்க்கவும் பாதுகாத்து வைக்கவும் எச்டிஎம்எல் போதும், உலாவியில் திறந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். வேறொரு தளத்துக்கு மாற்றவோ நிரல் எழுதித் தொகுக்கவோ நினைப்பவர்கள் ஜேசன் எடுப்பார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் அங்கேதான் திகைத்துப்போகிறார்கள். பதிவு முழுக்க, தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், எழுத்து பத்திரமாகத்தான் இருக்கிறது.

நடப்பது இதுதான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். பேஸ்புக் அந்த மூன்று பைட்டையும் ஒரே எழுத்தாகப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக நினைத்து எழுதிவிடுகிறது. சரிசெய்ய, ஜேசன் கோப்பை நிரலில் ஏற்றி, அதில் உள்ள ஒவ்வொரு சரத்தையும் (உரைத் துண்டையும்) லத்தீன்-1 முறையில் பைட்டுகளாக்கி, அந்த பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆகத் திரும்ப வாசிக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் இது ஒரு வரி வேலை. கோப்பை ஏற்றாமல் உரைக்கோப்பாகவே வைத்து மாற்றப் பார்த்தால் ஒன்றும் மாறாது. அதில் இருப்பவை எழுத்தை எண்ணாகக் குறிக்கும் வெறும் தப்பிப்புக் குறிகள், அவை எழுத்தாக மாறுவது ஜேசனாக ஏற்றிய பிறகுதான். நிரல் தெரியாதவர்கள் எச்டிஎம்எல்லையும் சேர்த்து இரண்டு முறை கோரிக்கை வைத்துவிடுங்கள்.

கோரிக்கை வைத்ததும் கோப்பு வராது. கணக்கின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். தயாரானதும் அறிவிப்பு வரும், அதன்பின் இணைப்பு சில நாட்களுக்கே உயிரோடு இருக்கும். போனில் இறக்காமல், கணினியில் நல்ல வைஃபையில் இறக்குங்கள். பல ஜிபி கோப்பு மொபைல் டேட்டாவில் பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தக் கோப்பில் எவையெல்லாம் வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களின் பதிவில் நீங்கள் இட்ட பின்னூட்டம் வரும், அந்தப் பதிவு வராது. பெரிய விவாதம் ஒன்றில் உங்கள் வரிகள் மட்டும் தலையும் வாலும் இல்லாமல் நிற்கும். நீங்கள் நிர்வகிக்கும் குழுவின் மொத்தப் பதிவுகளும் வராது, அதில் நீங்கள் எழுதியவை மட்டுமே வரும். நண்பர்கள் பட்டியலில் பெயர் இருக்கும், மின்னஞ்சலோ எண்ணோ இருக்காது. குழுவில் பல ஆண்டாகச் சேர்ந்த நல்ல உரையாடல்களை இன்றே ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலுப்பான வேலைதான், செய்யத் தகுந்த வேலையும்கூட.

பேஸ்புக் லைவ் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. 2025 பிப்ரவரி 19 முதல், ஒளிபரப்பான நேரலை 30 நாட்களில் நீக்கப்படுகிறது. இலக்கியக் கூட்டம், பட்டிமன்றம், கோயில் விழா என்று எதை நேரலை செய்தாலும் அன்றிரவே இறக்கி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்

இங்கே காப்பு நகல், ஏற்றுமதி என்று இரண்டு வேறு விஷயங்கள் உண்டு. பலர் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

காப்பு நகல் என்பது புதுப் போனில் வாட்ஸ்அப்பை மீட்பதற்கு மட்டும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் வழியாக இயக்கலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்குக்குப் போகும், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் இதுவும் சேரும். அதனால்தான் ஜிமெயில் திடீரென்று நிரம்புகிறது. வீடியோவைச் சேர்க்காமல் விட்டால் அளவு வெகுவாகக் குறையும். மீட்க அதே எண்ணும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். ஆண்ட்ராய்டின் நகலை ஐபோனில் திறக்க முடியாது, அதற்குக் கேபிளோ வைஃபையோ கொண்டு செய்யும் தனி இடமாற்ற முறை உண்டு. பழைய போனை விற்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

அதே இடத்தில் முனைக்கு முனை மறையாக்கம் செய்த, அதாவது உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாத, காப்பு நகலையும் இயக்கலாம். 2021 அக்டோபர் முதல் இந்த வசதி இருக்கிறது. இயக்காவிட்டால், உரையாடலுக்கு உள்ள பாதுகாப்பு அதன் நகலுக்கு இல்லை. இயக்கினால் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ தேவைப்படும். போனும் தொலைந்து அதுவும் மறந்துபோனால் நகலைத் திறக்க யாராலும் முடியாது. தாளில் எழுதி, மீட்புக் குறியீடுகள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.

ஏற்றுமதி என்பது மனிதர் படிக்கும் உரைக்கோப்பு. உரையாடலைத் திறந்து மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட். படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரை வரும், படங்கள் இல்லாமல் 40,000 வரை. நன்றாக ஓடும் குடும்பக் குழு ஒன்றில் 40,000 செய்தி என்பது சில ஆண்டுகூட இல்லை. ஆகவே முக்கியமான குழுக்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும், முந்தைய கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் வேலை செய்யவில்லை என்றால், அந்த உரையாடலில் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2025-ல் வந்த அந்த வசதி ஏற்றுமதியைத் தடுக்கிறது. யாரோ ஒருவர் காரணத்தோடுதான் அதை இயக்கியிருப்பார், அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படங்களை எடுக்க இதைவிடச் சுலபமான வழி, போனைக் கணினியில் செருகி வாட்ஸ்அப்பின் மீடியா கோப்புறையை அப்படியே நகலெடுப்பது. ஆண்ட்ராய்டு, மீடியா என்ற கோப்புறைகளுக்குள் வாட்ஸ்அப் பெயரில் அது இருக்கும்.

டெலிகிராமில் முழு ஏற்றுமதி கணினிச் செயலியில் மட்டுமே உண்டு. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, எக்ஸ்போர்ட் டெலிகிராம் டேட்டா என்று போக வேண்டும்.

கூகுள்

கூகுளில் உள்ள உங்கள் தரவை இறக்க உதவும் டேக்அவுட் என்ற தளத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறிக்காதீர்கள். முதலில் 'டிசெலக்ட் ஆல்', பிறகு ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ. மொத்தமாகக் கேட்டால் நூற்றுக்கணக்கான ஜிபி வந்து, எந்தத் துண்டில் எது என்று தெரியாமல் போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீதம் ஓராண்டுக்குத் தானாக எடுக்கும் தேர்வும் அங்கேயே இருக்கிறது.

கூகுள் போட்டோஸ் படங்கள் பல சிப் (zip) கோப்புகளாகப் பிரிந்து வரும். படம் ஒரு சிப்பிலும், அதன் விவரங்கள் உள்ள சிறு ஜேசன் கோப்பு வேறொரு சிப்பிலும் இருக்கலாம். எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் பிரித்தால்தான் அவை ஒன்றுசேரும். யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் தங்கள் வீடியோக்களை இங்கிருந்தே எடுங்கள், ஸ்டூடியோவில் ஒவ்வொன்றாக இறக்கினால் தரம் குறைந்து வரும். பிளாகரில் இன்னும் எழுதும் தமிழர்கள் நிறைய. பிளாகரின் பேக்கப்பில் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படங்களும் வந்திருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள்.

இரண்டு ஆண்டு திறக்காத கூகுள் கணக்கை அழிக்கும் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய வலைப்பூ வேறொரு ஜிமெயிலில் இருந்தால் அதற்குள் ஒரு முறை நுழைந்து வாருங்கள். 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற அமைப்பில், இத்தனை மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் இன்னாரிடம் தரவைக் கொடு என்று சொல்லி வைக்கலாம். பத்துப் பேர் வரை குறிக்கலாம்.

உங்களைத் தேடி வர ஓர் இடம்

நகல் எழுத்தைக் காக்கும், வாசகரைக் காக்காது. அதற்கு எந்த நிறுவனத்தின் பெயருக்குப் பின்னாலும் வராத முகவரி வேண்டும். சொந்த டொமைன் (உங்கள் பெயரில் பதிவு செய்த இணைய முகவரி) ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள், ஏமாறுவது அங்கேதான். பதிவு செய்யும்போது அந்த டொமைனிலேயே இயங்கும் மின்னஞ்சலைத் தொடர்புக்குக் கொடுக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நிற்கும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேராது. வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் தானியங்கிப் புதுப்பிப்பை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் விதிகளுக்குப் பிறகு, இந்திய அட்டைகளில் தொடர் கட்டணம் பல நேரம் மறுக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிடுவது நிம்மதி.

அந்த முகவரியில் முதலில் எழுதுங்கள், பிறகு பேஸ்புக்கிலும் எக்ஸிலும் பகிருங்கள். தளத்தில் ஆர்எஸ்எஸ் ஓடை இருக்கட்டும், வாசகர்கள் புதுப் பதிவுகளை ஓடை வாசிப்பான் செயலியில் பெற அது உதவும். வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டும் தாமாகவே தருகின்றன. கூடவே மின்னஞ்சல் பட்டியல் ஒன்றை நடத்துங்கள், அந்தப் பட்டியலை சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக மாதம் ஒரு முறை இறக்கி வையுங்கள். இருநூறு மின்னஞ்சல் முகவரி கையில் இருப்பது, இருபதாயிரம் பின்தொடர்பவர்களைவிட உறுதியானது. இடம் மாறும்போது அந்த இருநூறு பேருக்கும் நீங்களே சொல்லிவிடலாம்.

பின்தொடர்பவர்களோடு இடம் மாறும் வசதியுள்ள சமூக வலைத்தளம் வேண்டுமென்றால் மாஸ்டடானைப் பாருங்கள். 2016-ல் தொடங்கியது. ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில், பலர் தனித்தனியாக நடத்தும் சேவையகங்களில் இயங்குகிறது. ஒரு சேவையகம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போகலாம். வரிசை முக்கியம்: முதலில் பழைய கணக்கிலிருந்து நீங்கள் பின்தொடர்கிறவர்கள், நீங்கள் முடக்கியவர்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றை சிஎஸ்வி கோப்புகளாக இறக்குங்கள். புதிய சேவையகத்தில் கணக்கு திறந்து, அமைப்புகளில் பழைய கணக்கின் முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள். அதன்பின் பழைய கணக்குக்குத் திரும்பி, புதிய முகவரியைக் கொடுத்து இடமாற்றத்தை உறுதி செய்யுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே நகர்வார்கள். நீங்கள் பின்தொடர்கிறவர்களை சிஎஸ்வி வழியாக நீங்கள்தான் ஏற்ற வேண்டும். பதிவுகள் நகராது, பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு முறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

இந்த முறைக்குப் பழைய சேவையகம் உயிரோடு இருக்க வேண்டும். தனி ஆள் ஒருவர் தன் பணத்தில் நடத்தும் சேவையகம் ஒரு நாள் சொல்லாமல் நின்றால், பின்தொடர்பவர்களை நகர்த்த வழியே கிடையாது. சேரும் முன், யார் நடத்துகிறார்கள், செலவுக்கு என்ன வழி, மூடுவதானால் எவ்வளவு காலம் முன்பு சொல்வார்கள் என்று அறிமுகப் பக்கத்தில் படியுங்கள்.

எக்ஸ் போன்ற சமூக வலைத்தளமான புளூஸ்கையில் உங்கள் டொமைனையே பயனர் பெயராக வைக்கலாம். டொமைனின் டிஎன்எஸ் (முகவரிப் பதிவுகள்) பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் பதிவைச் சேர்த்தால் போதும். மாற்றம் பரவச் சில மணி நேரம் ஆகலாம், உடனே சரிபார்க்கவில்லை என்று பதறி அழித்து அழித்துப் போடாதீர்கள்.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பதுபோல, தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை அதில் இல்லை. மேலே சொன்ன ஏற்றுமதிப் பொத்தான்களை இருக்கும்போதே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

போனில்

பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் செயலியாக வைக்காமல் உலாவியில் பயன்படுத்துவதே எங்கள் உறுதியான பரிந்துரை. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தது இதற்குப் போதுமான காரணம். ஆண்ட்ராய்டு போனில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் செயலி இருந்தால், உலாவியில் பார்க்கும் தளங்களில் உள்ள மெட்டாவின் கண்காணிப்பு நிரல் போனுக்குள்ளேயே அந்தச் செயலியோடு பேசி, பார்ப்பவர் யார் என்று இணைத்தது. மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரமும் அதைத் தடுக்கவில்லை. விஷயம் வெளியானதும் அது நிறுத்தப்பட்டது. செயலியே இல்லாத போனில் அந்த வழி இயங்கியிருக்காது.

ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில், விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஒரிஜின் நீட்சியைச் சேர்த்து, பேஸ்புக் பக்கத்தை முகப்புத் திரையில் குறுக்குவழியாக வையுங்கள். மெசஞ்சர் செயலியை நிறுவச் சொல்லி அடம்பிடித்தால் 'டெஸ்க்டாப் சைட்' தேர்வை இயக்கிப் பாருங்கள். பல போன்களில் பேஸ்புக்கின் துணைச் செயலிகள் முன்பே நிறுவப்பட்டிருக்கும். பேஸ்புக்கை நீக்கினாலும் 'ஆப் மேனேஜர்', 'ஆப் இன்ஸ்டாலர்', 'சர்வீசஸ்' என்ற பெயர்களில் அவை கிடக்கும். நீக்க முடியாவிட்டாலும் 'டிசேபிள்' செய்யலாம்.

செயலியை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தொடர்புகள், இருப்பிடம், மைக் ஆகியவற்றின் அனுமதியை எடுத்துவிடுங்கள். படங்களுக்கு, ஆண்ட்ராய்டு 14 முதல் குறிப்பிட்ட சில படங்களை மட்டும் காட்டும் தேர்வு உண்டு. தொடர்பு அனுமதியை இன்று எடுத்தாலும் முன்பே ஏறிய எண்கள் அங்கேயேதான் இருக்கும். அவற்றை அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'அப்லோட் காண்டாக்ட்ஸ்' பகுதியில் தனியாக நீக்க வேண்டும். அவை உங்கள் எண்கள் அல்ல, உங்களை நம்பி எண் கொடுத்தவர்களுடையவை.

விளம்பரம் காட்டுவோர் உங்கள் போனை அடையாளம் காணும் விளம்பர அடையாளத்தை ஆண்ட்ராய்டு 12 முதல் அழிக்க முடியும். ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வோர் இடத்தில் வைத்திருப்பதால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று தேடுவதே விரைவு. யூடியூபில் பார்த்த வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்தால் முகப்புப் பக்கத்தின் பரிந்துரைகள் மறைந்துவிடும். சப்ஸ்கிரைப் செய்த சேனல்கள் தனித் தாவலில் வழக்கம்போல இருக்கும். பிள்ளைகள் கையில் போகும் போனுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஏஜிஸ், ஓடை வாசிப்பான் போன்ற திறமூலச் செயலிகளை எஃப்-ட்ராய்டு களஞ்சியத்திலிருந்து நிறுவலாம். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பின்னணிச் செயலிகள் தாமாக நிறுத்தப்படுவதால் அறிவிப்பு வராமல் போகும். அந்தச் செயலிக்கு 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியும், பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கொடுத்தால் சரியாகும். பிளே ஸ்டோரில் நிறுவிய அதே செயலியின் மேல் எஃப்-ட்ராய்டு பதிப்பை ஏற்ற முயன்றால் பெரும்பாலும் மறுக்கும், இரண்டிலும் கையொப்பம் வேறு. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும், நீக்கும்போது உள்ளிருக்கும் தரவும் போய்விடும். ஏஜிஸாக இருந்தால் குறியீட்டுக் கோப்பை முதலில் வெளியே எடுத்து, அது கணினியில் இருப்பதைப் பார்த்த பிறகு நீக்குங்கள்.